பழைய வரைபடத்தை அச்செடுத்து வீட்டுச் சுவரில் மாட்ட: சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவரில் மாட்டப் பழைய வரைபடம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். மஞ்சளேறிய காகிதம், கடலில் ஒரு பாய்மரக் கப்பல், மூலையில் திசை காட்டும் நட்சத்திரம், இவ்வளவு இருந்தால் போதும் என்று இணையத்தில் கிடைத்ததை இறக்கி அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாட்டின புதிதில் எல்லோரும் பார்ப்பார்கள், அப்புறம் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை, காரணம் கிட்டப் போனால் எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கும். வரைபடம் படிப்பதற்காக வரையப்பட்ட படம். ஓர் அடி தூரத்தில் நின்று ஊர்ப் பெயரைப் படிக்க முடிந்தால்தான் அது சுவரில் இருப்பதற்கு அர்த்தம் உண்டு. எந்தப் படம், எவ்வளவு பெரிது, எந்தத் தாள், எப்படிச் சட்டம் போடுவது என்று கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

எந்த வரைபடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தேட ஆரம்பித்தால் இரண்டு வகை உங்கள் கண்ணில் படும். ஒன்று, ஐரோப்பாவில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, பிறகு கையால் வண்ணம் தீட்டிய அலங்கார வரைபடங்கள். ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570-இல் வெளியிட்ட தொகுப்பு, ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளாவ் 1662 முதல் கொண்டுவந்த பெரும் தொகுப்பு, இதெல்லாம் அந்த வகை. அழகில் இவற்றை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: கடற்கரையில் நாகப்பட்டினம், சாந்தோம் என்று பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், உள்நாட்டுக்குள் வந்தால் மலையும் ஆறும் பாதி ஊகம். கப்பலில் வந்தவர்கள் கண்டதும் கேட்டதும்தான் அவர்களுக்குக் கிடைத்த தகவல். அதனால் சேலத்தையோ சேர்வராயன் மலையையோ அந்தப் படங்களில் தேடி ஏமாற வேண்டாம். தென்னிந்தியா முழுதும் ஒரே தாளில், அலங்காரத்தோடு வேண்டும் என்று கேட்டால், நூரெம்பர்க்கில் ஹோமன் வாரிசுகள் 1733-இல் வெளியிட்ட தீபகற்ப வரைபடத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். மலபார் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை மூன்றும் அதில் ஒன்றாக இருக்கும். அலங்காரம் குறைந்தாலும் பரவாயில்லை, நேர்மையான படம் வேண்டும் என்கிறவர்களுக்கு, பிரெஞ்சுக்காரர் டான்வில் 1752-இல் வரைந்த இந்திய வரைபடம் இருக்கிறது. தனக்குத் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டவர் அவர், அந்த வெற்றிடமே அந்தப் படத்துக்கு ஒரு தனி அழகு.

இரண்டாவது வகை, அளந்து வரைந்த படங்கள். நம் பகுதிக்கு இந்தக் கதை 1792-இல் தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாரமஹாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனி கைக்கு வந்தன, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் வரி போடுவதற்காக நிலத்தை அளக்க ஆரம்பித்தார்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் நிலத்தில் நேரான அடிக்கோடு ஒன்றை அளந்து, அதிலிருந்து மலைக்கு மலை முக்கோணம் போட்டுத் தென்னாடு முழுவதையும் கணக்கிட்டார். அதற்குப் பிறகு வந்த வரைபடங்களில்தான் நம் மலைகள் அவை நிற்கிற இடத்தில் நிற்கின்றன. இந்திய நில அளவைத் துறையின் நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வந்த தாள்கள், 1854-இல் சென்னையில் ஃபாரோ அண்ட் கோ வெளியிட்ட தென்னிந்திய மாவட்ட வரைபடத் தொகுப்பு, இவற்றைத் தேடிப் பாருங்கள்.

வீட்டில் மாட்டச் சொன்னால் என் ஓட்டு இந்த இரண்டாவது வகைக்குத்தான். காரணம், மலையை அதில் காட்டும் விதம். சரிவின் போக்கிலேயே மெல்லிய சின்னச் சின்னக் கோடுகளாக இழுத்திருப்பார்கள், சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கோடுகள் தடித்து நெருங்கிக் கறுக்கும். யோகான் லேமன் என்ற ஜெர்மானியர் 1799-இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை இது. சேலத்துச் சமவெளி வெள்ளையாக விரிந்து கிடக்க, அதன் நடுவில் சேர்வராயன் மலையும் கல்ராயனும் கொல்லிமலையும் கறுத்துத் திரண்டு எழும்புவதை ஒரு தடவை பார்த்தால் கப்பல் படம் எதற்கு என்று தோன்றும்.

படிக்கவும் அதில் நிறைய இருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாவற்றையும் அடக்கியது. 1965-இல்தான் தர்மபுரி பிரிந்தது, நாமக்கல் 1997-இல். அதனால் ஓசூரில் இருக்கும் அத்தை வீட்டையும் நாமக்கல்லில் இருக்கும் மாமா வீட்டையும் ஒரே மாவட்டப் படத்தில் காட்டலாம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது, அதற்கு முந்தைய படத்தில் அங்கே ஏரி இருக்காது, காவிரி ஒற்றைக் கோடாக வளைந்து வரும். ஆண்டு போடாத படம் கிடைத்தால் ரயில் பாதையைப் பாருங்கள். சேலம் வழியாகச் சென்னைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் பாதை போட்டது 1860-களின் தொடக்கத்தில், அந்தக் கோடு இல்லையென்றால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது.

அதிகப் பழமை தேவையில்லை, தெளிவுதான் வேண்டும் என்றால் நில அளவைத் துறையின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலத் தாள்கள் உண்டு. சேலமும் ஏற்காடும் 58 ஐ (58 I) என்ற எண்ணுக்குள் வரும். அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950-களில் வெளியிட்ட 1:250,000 தாள்களும் அழகானவை. அவற்றை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகவே வைத்திருக்கிறது.

எங்கிருந்து எடுப்பது

படப் பகிர்வுத் தளங்களில் சுற்றிக்கொண்டிருக்கும் கோப்பு வேண்டவே வேண்டாம். அவை பல கை மாறிச் சுருங்கிப்போனவை. நேராக நூலகத்துக்குப் போங்கள்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் டேவிட் ரம்சி தொகுப்பு, அமெரிக்க காங்கிரஸ் நூலகம், ஸ்காட்லாந்து தேசிய நூலகம், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா. ஆங்கிலத்தில் தேடும்போது பழைய எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள், அதாவது ஷெவராய், பாரமஹால், கர்நாட்டிக், ட்ரிச்சினாபோலி, கோரமண்டல் இப்படி. சேலம் என்று மட்டும் போட்டால் அமெரிக்காவில் அதே பெயரில் இருக்கும் ஊர்களெல்லாம் வந்து நிற்கும்.

உரிமை விஷயம் சிக்கலில்லை. 18, 19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்தான் கணக்கு. ஆனால் நூலகம் தன் ஸ்கேனுக்கென்று தனி நிபந்தனை வைத்திருக்கலாம். ரம்சி தொகுப்பு போன்றவை வணிகமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்கின்றன. உங்கள் வீட்டுக் கூடத்துக்கு அது தடையில்லை, அச்சடித்து விற்க நினைத்தால் அந்தப் பக்கத்தில் இருக்கும் நிபந்தனையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

கோப்பை இறக்கும்போது இருப்பதில் மிகப் பெரியதை எடுங்கள். டிஃப் அல்லது ஜேபெக் 2000 என்று போட்டிருக்கும், நூறு மெகாபைட்டுக்கு மேல் போனாலும் கவலைப்படாதீர்கள். அதே பக்கத்தில் மூலத் தாளின் அளவு சென்டிமீட்டரில் இருக்கும். அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்டமே அதை வைத்துத்தான்.

அளவு: இதில் அவசரப்படாதீர்கள்

பெரும்பாலானவர்கள் சோபாவுக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, அதற்கு ஏற்ற மாதிரி படத்தை ஊதிவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். வரைபடத்தைச் செதுக்கினவர் ஒரு குறிப்பிட்ட அளவுத் தாளில், கையில் வைத்துப் படிக்கிற தூரத்துக்குத்தான் எழுத்தை வெட்டியிருப்பார். அதனால் மூல அளவு, அல்லது அதைவிட ஒன்றரை மடங்கு வரை, இதுதான் நன்றாக இருக்கும் எல்லை. அதைத் தாண்டினால் கோடுகள் முரடாகித் தட்டி விளம்பரச் சாயல் வந்துவிடும். மூல அளவுக்குக் கீழே சுருக்கினால் சிறிய பெயர்கள் தூசியாகிவிடும்.

இனி கணக்கு. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 24 அங்குல அகலம், 18 அங்குல உயரம் என்றால் கோப்பு 7,200-க்கு 5,400 புள்ளிகள் இருக்க வேண்டும். ஏ2 தாளுக்கு ஏறக்குறைய 7,000-க்கு 5,000. இயற்கைக் காட்சிப் படம் என்றால் 150 புள்ளியிலும் சமாளிக்கலாம், தூரத்தில் நின்றுதான் பார்க்கிறோம். வரைபடத்தில் அது நடக்காது. சின்னக் கிராமத்தின் பெயர் ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். 300 புள்ளியில் அந்த எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளி கிடைக்கும், 150-இல் ஆறுதான், ஆறு புள்ளிக்குள் ஓர் எழுத்தை அடைத்தால் அது கறை. கோப்பு போதவில்லையா, படத்தைச் சின்னதாக்குங்கள், இல்லையென்றால் வேறு நூலகத்தில் நல்ல ஸ்கேன் தேடுங்கள், அதுவும் இல்லையென்றால் படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். முழு மாவட்டத்துக்குப் பதிலாகச் சேலத்திலிருந்து ஏற்காடு வரையான துண்டு மட்டும் சுவரில் இருந்தாலும் குறைவாகத் தெரியாது.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்தைப் பெரிதாக்கித் தரும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. முகங்களுக்கு என்னவோ, வரைபடத்துக்கு அவற்றைத் தொடாதீர்கள். கலங்கின எழுத்தைப் பார்த்துத் தானாக ஊகித்து இல்லாத எழுத்தை வரைந்துவிடும். தூரத்தில் பளிச்சென்று இருக்கும், கிட்டப் போனால் உங்கள் ஊர்ப் பெயர் எந்த மொழியும் இல்லாத கிறுக்கலாக மாறியிருக்கும்.

திருத்தம் எவ்வளவு

குறைவாக. ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள் போதும். படம் கோணலாக இருந்தால் நேராக்குங்கள், ஸ்கேன் செய்தபோது பக்கத்தில் வைத்த நிற அட்டையை வெட்டுங்கள். மடிப்புக் கோடு, சிறு கறை இவற்றை நான் அழிக்க மாட்டேன், ஆனால் அது அவரவர் விருப்பம்.

முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: தாளின் மஞ்சளை என்ன செய்வது. முழுக்க வெளுத்தால் கையால் தீட்டிய மென்மையான வண்ணமும் சேர்ந்து போய்விடும். அப்படியே விட்டு வெள்ளைத் தாளில் அச்சடித்தால் நடுவில் மஞ்சள் கட்டமும் சுற்றி வெள்ளை ஓரமும் ஒட்டாமல் தெரியும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கிழிந்த ஓரம் உட்பட மூலத் தாள் முழுவதையும் காட்டுவது. இரண்டு, வரைபடத்தின் கட்டக் கோடு வரை நறுக்கி, சுற்றியுள்ள வெண்மையை மவுண்ட் அட்டைக்கு, அதாவது சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வரும் ஜன்னல் வெட்டிய அட்டைக்கு, விட்டுவிடுவது. சேலத்துச் சின்ன வீடுகளின் கூடத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும், படமும் கச்சிதமாக இருக்கும்.

பழைய பிளாவ் படங்களில் சில இடங்களில் பச்சை பழுப்பாக மாறித் தாளையே அரித்திருப்பதைப் பார்ப்பீர்கள். செம்பிலிருந்து எடுத்த பச்சைச் சாயத்தின் வேலை அது, ஸ்கேனில் வந்த கோளாறு என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

தாளும் மையும்

ஊரில் எளிதாகக் கிடைப்பது மூன்று. ஃப்ளெக்ஸ் கடை, இதற்கு ஆகாது, விட்டுவிடுங்கள். கல்யாண ஆல்பம் அச்சடிக்கும் லேப், கூர்மை நன்றாக வரும், ஆனால் அந்தப் புகைப்படத் தாளின் பளபளப்பு செம்புத் தகட்டு அச்சுக்கு ஒட்டாது. மூன்றாவது, அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு போடும் டிஜிட்டல் அச்சுக் கடை, 12-க்கு 18 அங்குலம் வரை 300 கிராம் (சதுர மீட்டருக்கு இவ்வளவு எடை என்ற கணக்கு) அட்டையில் எடுத்துக் கொடுப்பார்கள். மாதிரி பார்ப்பதற்கும், கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்து மனது ஒப்புகிறதா என்று தெரிந்துகொள்வதற்கும் இதைவிடச் சிக்கனமான வழியில்லை.

நிலைத்து நிற்கும் அச்சு வேண்டுமானால் பருத்தித் தாளில் நிறமி மையால் எடுக்க வேண்டும். எப்சன், கேனன் நிறுவனங்களின் பெரிய இயந்திரங்களில் எட்டு, பத்து, பன்னிரண்டு மைக் குப்பிகள் வரை இருக்கும், அவற்றால்தான் அந்த மெல்லிய பழுப்புச் சாயல்கள் பிசகாமல் வரும். ஜெர்மனியின் ஹானேமூலே போன்ற ஆலைகள் இதற்கென்றே தாள் செய்கின்றன, 300 கிராம் சுற்றளவில் இருக்கும் பளபளப்பில்லாத தாளைக் கேளுங்கள். கேட்கும்போது 'இயற்கை வெண்மை, ஒளிகூட்டி சேர்க்காதது' என்று சொல்லுங்கள். கண்ணைப் பறிக்கிற வெள்ளைத் தாளில் வேதிப்பொருள் கலந்திருக்கும், நாளாக ஆக அது மங்கித் தாள் மஞ்சளிக்கும், அதோடு பழைய வரைபடத்துக்கு அந்த நீல வெள்ளை பொருந்தவும் பொருந்தாது. கான்வாஸ் துணி வேண்டாம், நெசவுக்குள் எழுத்து காணாமல் போகும். இந்த வேலை பக்கத்தில் அமையாவிட்டால் சென்னை, கோவை, பெங்களூரு அச்சகங்களுக்குக் கோப்பை அனுப்பிக் குழாயில் சுருட்டி வாங்கலாம்.

கோப்பை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நீங்கள் நூலகத்தில் தேடிப் பிடித்ததெல்லாம் அந்த இடத்திலேயே போச்சு. பென் டிரைவில் கொடுங்கள், அல்லது கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்புங்கள். அளவை அங்குலத்திலும் எழுதிக் கொடுங்கள், 'தாளுக்குப் பொருத்தாமல் நூறு சதவீதத்தில்' என்று சேர்த்து எழுதுங்கள்.

முழுப் படம் அடிக்கும் முன் ஒரு துண்டு மாதிரி கேட்க வேண்டும். படத்தைச் சுருக்கிக் காட்டும் மாதிரி பயன்படாது. எழுத்து நெருக்கமாக இருக்கும் இடத்தில், மலைக் கோடுகளும் வண்ணமும் சேர்ந்து வரும் ஓர் ஏ4 அளவுப் பகுதியை முழு அளவிலேயே அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, மாட்டப்போகிற சுவரிலேயே ஒட்டி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். திரையில் பார்த்ததைவிட ஒரு படி இருட்டாக வருவது வழக்கம். மலைக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கரும்பட்டையாகத் தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி இன்னொரு மாதிரி எடுங்கள்.

சட்டம் போடும் கடையில்

சேலத்தில் சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போடுகிற கடைக்காரர்கள் கை தேர்ந்தவர்கள், மூலை இணைப்பைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவர்களுடைய வழக்கம் படத்தை ஃபெவிகால் தடவி ஹார்டுபோர்டில் ஒட்டி, கண்ணாடியை அதன் மேல் நேராகப் பதிப்பது. காலண்டர் படத்துக்கு அது சரி. பருத்தித் தாளுக்குச் சரியில்லை. கடைக்குள் போனதுமே "ஒட்ட வேண்டாங்கண்ணா, மேலே மட்டும் பிடிப்புக் கொடுத்துத் தொங்க விட்டாப் போதும்" என்று சொல்லிவிடுங்கள். மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில், அமிலமில்லாத காகித நாடாவால் பின் அட்டையோடு பிடித்தால் போதும். செல்லோ டேப் கூடாது, அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷனும் கூடாது.

அடுத்தது மவுண்ட் அட்டை. இதை அழகுக்கு என்று நினைத்து மிச்சம் பிடிக்கிறார்கள். அதன் உண்மையான வேலை கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுவது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழையிலும் பனியிலும் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் கோக்கும்போது தாள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கண்ணாடியோடு வரும். சேலத்திலேயே இருப்பவர்களுக்கு அந்த அளவு ஈரமில்லை, ஆனாலும் மவுண்ட் போடுங்கள். அமிலமில்லாத அட்டை கேளுங்கள், நிறம் யானைத் தந்தத்தின் வெள்ளை, சுற்றிலும் இரண்டரை முதல் மூன்று அங்குலம்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்று கேட்பார்கள். 2-க்கு 3 அடிக் கண்ணாடி 3 மில்லிமீட்டர் தடிப்பில் நாலு கிலோவுக்குச் சற்று மேலே வரும், அதே அக்ரிலிக் இரண்டு கிலோ. ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிற படம் என்றால் அக்ரிலிக்தான், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடியோடு போவது வீண் பயம். ஆனால் அக்ரிலிக் கீறல் விழும், தூசியை இழுக்கும், உலர் துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது.

சட்டத்துக்கு மரம் எளிமையாக இருக்கட்டும். தங்கப் பூச்சுப் பூவேலை வரைபடத்தின் மெல்லிய கோடுகளை அமுக்கிவிடும். தேக்கு அழகு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்திலும் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம், வெளிர் நிறம் வரைபடத்துக்கு ஒத்துப்போகும், நன்றாகக் காய்ந்த மரமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்தை முழுக்கக் காகிதம் ஒட்டி மூடச் சொல்லுங்கள், இராமபாணப் பூச்சி நுழைவது அந்த இடுக்கில்தான். மூடின காகிதத்தின் மேல் வரைபடத்தின் பெயர், ஆண்டு, எந்த நூலகம், எந்தத் தாள், எப்போது அச்சடித்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள். நாளைக்கு வீட்டுக்கு வருகிறவர் இது மூலப் பிரதியா என்று கேட்டால் பதில் அங்கேயே இருக்கும்.

மாட்டுவதும் பராமரிப்பும்

மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர் வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயில் எந்த மையையும் விட்டுவைக்காது. குளியலறைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் மழை நேரடியாக மோதும் வெளிச்சுவரும் வேண்டாம். உயரம் என்று பார்த்தால், படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், நின்று படிக்க அதுதான் வசதி. சோபாவுக்கு மேலே மாட்டினால் கிட்டப் போக முடியாது, ஆகவே வரைபடத்துக்கு நல்ல இடம் நடைவழி, மாடிப்படித் திருப்பம், சாப்பாட்டு மேசைப் பக்கத்துச் சுவர்.

ஆணி அடித்துத் தொங்கவிடாதீர்கள், துளை போட்டுப் பிளக் வைத்து இரண்டு திருகாணி போடுங்கள், ஒன்றில் தொங்கினால் படம் கோணிக்கொண்டே இருக்கும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் சின்ன ரப்பர் வில்லை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள், கண்ணாடி மேல் தெளித்தால் வழிந்து சட்டத்துக்குள் இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் படத்தை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காகிதம் உப்பியிருந்தாலோ வாடை வந்தாலோ பிரித்து, தாளை வெயிலில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரவிட்டு, புது அட்டை வைத்து மூடுங்கள். தாளின் மேலேயே பூஞ்சணப் புள்ளி வந்திருந்தால் ஈரத் துணி போடாதீர்கள், உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டிவிடுங்கள், அந்தப் படத்தை வீட்டின் உள்சுவருக்கு மாற்றுங்கள்.